நாலு மூலைக்கும் கிளிப்

"இனிமே ஆளுக்கொரு ஸ்டாண்டு, ஆளுக்கொரு கிளிப். அவங்கவங்க தாளை அவங்கவங்களே திருப்பிக்கணும்" என்று ஒஸ்மோன்குல் மாஸ்டர் அறிவித்ததும், ஒத்திகை மண்டபத்தில் இருந்த வாத்தியக் குழுவினர் அத்தனை பேரும் கைதட்டினார்கள். இரண்டாம் வரிசையில் கோமுஸை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சகினாலியும் தட்டினார். தட்டிவிட்டுப் பக்கத்து நாற்காலிப் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

விஷயம் இதுதான். சகினாலிக்கு நோட்ஸ் படிக்கத் தெரியாது.

கோமுஸ் வாசிக்கத் தெரியாது என்று எவனாவது சொன்னால் அவனைத் தூக்கி ஏரியில் போட்டுவிடலாம். மூன்றே நரம்புள்ள அந்த வாத்தியத்தில் அவர் விரல் வைத்தால் குதிரை ஓடும், ஆலங்கட்டி மழை பெய்யும், வேண்டுமானால் மாமியாரும் மருமகளும் சண்டை போடுவார்கள். எல்லாம் அப்பாவின் விரலைப் பார்த்துப் படிந்தது. எந்தப் பாட்டும் ஒருதரம் காதில் விழுந்தால் போதும். ஆனால் ஐந்து கோடு போட்டு, அதில் புள்ளி புள்ளியாக எதையோ தொங்கவிட்டிருக்கும் அந்தத் தாளைப் பார்த்தால், யாரோ துணி காயப்போட்டிருக்கிறார்கள் என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் புரியாது.

குழுவில் சேர்ந்த அன்று மாஸ்டர் அவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "நோட்ஸ் எல்லாம் பழக்கம்தானே?" என்றார். "பழக்கம்தான்" என்று சகினாலி சொல்லிவிட்டார். வேலை வேண்டுமே! மாஸ்டரும் மேற்கொண்டு குடையவில்லை. நல்ல மனுஷர்.

அன்று முதல் அவர் மானத்தைக் காப்பாற்றி வந்தது பக்கத்து நாற்காலி ஜானில் அக்காதான். இரண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்டு. அக்கா சரியான நேரத்தில் விரல் நுனியை நாக்கில் தொட்டு, தாளை மெதுவாகத் திருப்புவாள். சகினாலியும் உடனே அடுத்த பக்கத்தின் மேல்மூலையைப் புருவத்தை நெரித்துக்கொண்டு பார்க்கத் தொடங்குவார். பதினாறு வருஷமாக இதுதான் ஏற்பாடு. ஒரே பாட்டுக்கு அக்கா இன்றைக்கு ஓரிடத்தில் திருப்புவாள், நாளைக்கு வேறோர் இடத்தில் திருப்புவாள். 'விஷயம் தெரிந்தவர்கள் முன்கூட்டியே படித்துவிடுவார்கள், அதனால்தான்' என்று எண்ணி, சகினாலி அவள்மேல் இன்னும் கொஞ்சம் மரியாதை கூட்டிக்கொண்டார்.

இப்போது அந்த மகராசியிடமிருந்து அவரைப் பிரிக்கப் பார்க்கிறார்கள்!

எல்லாம் காற்று செய்த வேலை. இஸ்ஸிக்-குல் ஏரியின் மேற்குக் கோடியில் உள்ள அந்த ஊரில் காற்றுக்கு உலான் என்று தனிப் பேரே உண்டு. பள்ளத்தாக்கிலிருந்து அது கிளம்பி வந்தால் கூரைத் தகரமே நிற்காது, காகிதம் எம்மாத்திரம்! திறந்தவெளிக் கச்சேரி என்றால் குழுவில் உள்ளவர்கள் வீட்டிலிருந்து துணிக் கிளிப்பைத் திருடிக்கொண்டு வருவார்கள். ஜானில் அக்கா கொண்டை ஊசியை உருவிக் குத்துவாள். மேளக்காரர் தாள்மேல் கல்லை வைப்பார், அது அவர் காலிலேயே விழும்.

போன வருஷம் ஏரி விழாவில் புல்லாங்குழல்காரரின் தாள் ஒன்று எகிறிப் பறந்துவிட்டது. ஒஸ்மோன்குல் மாஸ்டர் தாளம் காட்டும் கைக்கோலைப் போட்டுவிட்டு, பாட்டை நடுத்தெருவில் விட்டுவிட்டு, மணலில் விழுந்தடித்து ஓடினார். தாள் ஒரு ஜெர்மன் பயணியின் மடியில் இறங்கியது. அவள் அதை எடுத்துப் பார்ப்பதற்குள் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். "ஒரே ஒரு தாளுக்காக இப்படி உயிரை விடுறாரே, இசைமேல என்ன பக்தி!" என்று ஊரே உருகியது. சகினாலிக்கும் அன்று கண் கலங்கியது.

இந்த வருஷம் தலைநகரத்திலிருந்து கமிஷன் வருகிறது. குழுவைக் கேட்டு, தரம் பிரித்து, நோட்ஸ் பார்த்து வாசிக்கிறவர்களைத்தான் முழுநேரக் கலைஞர் பட்டியலில் வைப்பார்களாம். மற்றவர்கள் வீட்டுக்குப் போய் ஆடு மேய்க்கலாம். சகினாலிக்கு வயது ஐம்பத்திரண்டு. அவரிடம் ஆடும் கிடையாது, கோமுஸைத் தவிர வேறு எதையும் மேய்த்துப் பழக்கமும் கிடையாது. அந்த இரண்டாம் வரிசை நாற்காலி போய்விட்டால் அவர் யார் என்று அவருக்கே தெரியாது.

ஆகவே கைதட்டல் ஓய்ந்ததும் எழுந்து நின்றார்.

"மாஸ்டர், நானும் ஜானில் அக்காவும் ஒரே ஸ்டாண்டுக்குப் பழகிட்டோம். இப்பப் பிரிச்சா அக்கா மனசு கஷ்டப்படும்."

"எனக்கென்னய்யா கஷ்டம்?" என்றாள் அக்கா. "இத்தனை வருஷமா உன் முழங்கை என் விலாவுலதான் குடியிருக்கு. விட்டாப் போதும்னு இருக்கேன்."

எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டர் பெட்டியைத் திறந்து ஆளுக்கொரு கிளிப்பாக எடுத்துக் கொடுத்தார். அல்மாட்டி நகரத்திலிருந்து வரவழைத்தது. கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் பட்டை, இரண்டு முனையிலும் ஸ்டாண்டைக் கவ்விக்கொள்ள ஒவ்வொரு கவ்வி. தாளுக்குக் குறுக்கே போட்டால் எழுத்தும் மறையாது, காகிதமும் அசையாது. மடக்கினால் சட்டைப் பையில் அடங்கிவிடும்.

"கிளிப்பை வீட்டுக்குக் கொண்டு போய்ப் பழகுங்க. தாள் மட்டும் இங்கேயே இருக்கணும்" என்று மாஸ்டர் வழக்கம்போல் தாள்களை ஒன்றுவிடாமல் வசூலித்து, இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். ஒவ்வொரு தாளின் தலையிலும் அவர் கையாலேயே பாட்டின் பேரெழுதி ஒட்டிய வெள்ளைப் பட்டை இருக்கும். அவ்வளவு அக்கறை.

அன்று மாலை சகினாலி ஒரு முடிவுக்கு வந்தார். கிளிப் இல்லாவிட்டால் தனி ஸ்டாண்டு கிடையாது. தனி ஸ்டாண்டு இல்லாவிட்டால் மறுபடியும் அக்கா பக்கம்தான். ஆக, கிளிப்பை ஒழித்துக்கட்ட வேண்டியதுதான்.

செருப்புக் காலால் மிதித்துப் பார்த்தார். அது துள்ளி வந்து முழங்காலில் அடித்தது. கொட்டகைக் கதவிடுக்கில் வைத்து இழுத்துச் சாத்தினார். கிளிப் அப்படியே இருந்தது, கதவின் கீல்தான் கழன்று வந்தது. "என்னய்யா சத்தம்?" என்று மனைவி புருல்கான் உள்ளேயிருந்து கேட்டாள். "காத்து" என்றார். கடைசியில் பொறுமையிழந்து ஏரிக்கரைக்குப் போய் அதைத் தண்ணீரில் விட்டெறிந்துவிட்டு வந்தார்.

"மாஸ்டர், பாலத்துமேல வரும்போது உலான் அடிச்சுது. கிளிப் போயிடுச்சு" என்றார் மறுநாள், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

மாஸ்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. "கிளிப்பையே தூக்கிட்டுப் போச்சா? அப்போ தாள் என்ன ஆகும்?" என்று தலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நடந்தார். பிறகு நின்று, "ஒண்ணு பத்தாது. நாலு மூலைக்கும் நாலு கிளிப் போடணும். மேலே ஒரு பிளாஸ்டிக் உறையும் போட்டுடலாம். சகினாலி, நீ முன்வரிசைக்கு வந்துடு. என் கண்முன்னாலேயே இரு. உன் கிட்டதான் சாமான் நிக்க மாட்டேங்குது" என்றார்.

இரண்டாம் வரிசையில் பதுங்கியிருந்த மனுஷர், மாஸ்டரின் மூக்குக்கு நேரே வந்து உட்கார்ந்தார். கமிஷன்காரர்களுக்கும் அதுதான் நேர். வாயைத் திறக்காமல் அத்தோடு விட்டிருந்தாலாவது பிழைத்திருப்பார். 'நமக்கு நோட்ஸ் தெரியும் என்று காட்டிக்கொள்கிற மாதிரி ஏதாவது கேட்டு வைப்போம்' என்று அவருக்கு அப்போதா தோன்ற வேண்டும்!

"நாலு மூலையையும் பூட்டிட்டா பக்கத்தை எப்படி மாஸ்டர் திருப்புறது?" என்று கேட்டார்.

புல்லாங்குழல்காரர் கூரையைப் பார்த்தார். ஜானில் அக்கா இருமினாள். அதுவரை இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை என்பது சகினாலிக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"அட, ஆமா" என்றார் மாஸ்டர் மெதுவாக. "திருப்பலைன்னா கமிஷன் சந்தேகப்படும். கேக்க வேண்டிய கேள்வி. சரி, பொறுப்பை நீயே எடுத்துக்கோ. பக்கம் முடியுற இடத்துல நீ தலையை நிமிர்த்து, கீழ் கிளிப்பைத் தட்டித் திருப்பு. உன்னைப் பார்த்து மத்தவங்க திருப்புவாங்க. எல்லாரும் ஒரே நேரத்துல திருப்பினா பார்க்க அழகா இருக்கும்."

"நானா மாஸ்டர்?"

"நீதான். நோட்ஸ் பழக்கம்னு நீதானே சொன்ன!"

ஆக, நோட்ஸ் தெரியாத ஒரு மனுஷர் தலையாட்டினால் முப்பது பேர் பக்கம் திருப்ப வேண்டும். இதைவிட ஏரியில் கிளிப்போடு சேர்ந்து தானும் குதித்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே சகினாலி வீட்டுக்கு நடந்தார். தூக்கம் போயிற்று, சோறு இறங்கவில்லை. விடிந்ததும் வேறு வழியில்லை என்று தெரிந்துவிட்டது. கற்றுக்கொண்டே தீர வேண்டும்.

யாரிடம்? குழுவில் கேட்டால் மானம் போகும். இசைப்பள்ளியில் கேட்டால் ஊருக்குத் தெரியும். மிச்சமிருந்தது குழந்தைகள் காப்பகத்தில் பியானோ வாசிக்கும் ஸோயா டீச்சர் ஒருத்திதான். ரஷ்யக்காரி, கணவனை இழந்தவள், ஊர்வம்புக்கு வராதவள்.

"என் அக்கா பேரனுக்கு நோட்ஸ் சொல்லிக் கொடுக்கணும் டீச்சர்."

"பேரன் எங்கே?"

"அவனுக்கு வர நேரமில்லை. நான் கத்துக்கிட்டுப் போய் அவனுக்குச் சொல்லிடுறேன்."

ஸோயா டீச்சர் அவருடைய நரைத்த மீசையையும், அவர் கையில் நாளிதழில் சுற்றியிருந்த செபாக் மீனையும் பார்த்தாள். புகையில் வாட்டிய மீன், எண்ணெய் காகிதத்தில் ஊறியிருந்தது. "சாயங்காலம் பிள்ளைங்க போனப்புறம் வாங்க. பேரனுக்குச் சொல்லுங்க, நான் கண்டிப்பான டீச்சர்" என்றாள்.

நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டிக்காரர்களுக்கு செபாக் மீன் விற்பதுதான் புருல்கானின் தொழில். மீன் தோரணத்தில் தினம் இரண்டு குறைந்தால் அவளுக்குத் தெரியாமல் போகுமா? முதலில் பூனையைச் சந்தேகப்பட்டாள். பிறகு பூனை மீசையைச் சீவிக்கொண்டு, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, சாயங்காலம் சாயங்காலம் வெளியே போவதைக் கவனித்தாள்.

"எங்கே போயிட்டு வர்றே?"

"ஒத்திகை."

"ஜானில் அக்கா அவ வீட்டு வாசல்ல உட்கார்ந்து கம்பளம் அடிக்கிறா. உனக்கு மட்டும் தனியா என்ன ஒத்திகை?"

"முன்வரிசைக்குத் தனி ஒத்திகை."

"முன்வரிசைக்கு மீன் எதுக்கு?"

சகினாலி மீசையைத் தடவிக்கொண்டு கொட்டகைப் பக்கம் நடந்தார். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் ஆபத்து என்று இத்தனை வருஷ வாழ்க்கையில் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் சாயங்காலம் காப்பகத்தின் கதவு படாரென்று திறந்தது. சுவரெல்லாம் கரடி படம் போட்ட அந்த அறையில், நாலு வயசுக் குழந்தை உட்காரும் நாற்காலியில், முழங்கால் காதைத் தொட சகினாலி உட்கார்ந்திருந்தார். எதிரே ஸோயா டீச்சர் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு அட்டையில் இருந்த புள்ளியைத் தட்டிக்கொண்டிருந்தாள். "மீ... இல்லை, ஃபா..." என்று அவர் திக்கிக்கொண்டிருந்தார்.

புருல்கான் என்னென்னவோ சொல்லத் தயாராக வந்திருந்தாள். வாயில் வந்தது இது ஒன்றுதான்.

"என்னய்யா இது?"

"நோட்ஸ்."

"அது உனக்குத் தெரியுமே!"

"தெரியாது, புருல்கான். ஒருநாளும் தெரியாது."

ஸோயா டீச்சர் நாகரிகமாக எழுந்து டீ போடப் போனாள். புருல்கான் இன்னொரு சின்ன நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அது முனகியது.

"ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேனே! என் வீட்டுக்காரர் நோட்ஸை நியூஸ்பேப்பர் மாதிரி படிப்பார்னு."

"அதனாலதான் உன்கிட்ட சொல்லலை."

"அப்போ ஒவ்வொரு கச்சேரிக்கும் இந்தப் பயத்தோடயா போனே?"

"ஆமா."

"நல்லா வாசிச்சீங்கன்னு எல்லாரும் வந்து கை கொடுப்பாங்களே, அப்பவுமா?"

"அப்பத்தான் ரொம்ப" என்றார் சகினாலி. "என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிஞ்ச ஒண்ணு எனக்கு மட்டும் தெரியலைங்கறது இருக்கே, அது சாப்பிடும்போதும் கூடவே உட்கார்ந்திருக்கும். நான் திருட்டுத்தனமா அந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருக்கும்."

புருல்கானுக்குக் கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் படுத்துக் கிடந்த மனுஷன் இத்தனை வருஷமாகத் தனியாகப் பயந்துகொண்டிருந்தான், தான் அந்தப் பயத்தின் மேலேயே பெருமையை அடுக்கிக்கொண்டிருந்தோம் என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. தலையில் கட்டியிருந்த துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"டீச்சரம்மா! ரெண்டு மீன் பத்தாது, நாளையிலேர்ந்து நாலு அனுப்புறேன். இந்த மனுஷனை விடாதீங்க. சரியாச் சொல்லலைன்னா அந்தக் குச்சியால முட்டியிலேயே போடுங்க."

அதற்குப்பிறகு வீட்டிலும் பள்ளிக்கூடம்தான். மாவு பிசையும்போது புருல்கான் மாவில் ஐந்து கோடு இழுத்து, திராட்சையை வைத்து "இது என்ன?" என்பாள். தப்பாகச் சொன்னால் திராட்சை அவள் வாய்க்குப் போகும். முதல் நாட்களில் அவளுக்கு நல்ல தீனி.

கமிஷனுக்காக மண்டபத்துக்கு வெள்ளையடிக்க ஆரம்பித்ததால் கடைசி வாரம் ஒத்திகை இல்லை. அந்த வாரத்தில்தான் அது நடந்தது. ஸோயா டீச்சர் ஒரு பழைய தாளை எடுத்து முன்னால் வைத்தாள். சகினாலி அதுவரை கேட்டேயிராத பாட்டு. கோமுஸை எடுத்து ஒவ்வொரு புள்ளியாகத் தடவித் தடவிப் போனார். இரண்டாம் தடவை புள்ளிகள் சேர்ந்துகொண்டன. மூன்றாம் தடவை அது பாட்டாகிவிட்டது.

"யார் போட்டது டீச்சர் இது?"

"பேர் போடலை. யாரோ, எங்கேயோ. செத்து நூறு வருஷம் இருக்கும்."

சகினாலி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். காது வழியாக வராமல், விரல் வழியாக வராமல், முகம் தெரியாத ஒருத்தனின் மனசு காகிதம் வழியாக வந்து தன் கையில் இறங்கிவிட்டது. இதைத்தானா ஜானில் அக்காவும் மற்றவர்களும் இத்தனை நாளாக அனுபவித்துக்கொண்டிருந்தார்கள்? இந்தச் சந்தோஷத்தைத் தவறவிட்டுவிட்டோமே என்று அழுகை வந்தது. கூடவே, இனிமேல் எந்தப் பயமும் இல்லாமல் அந்த நாற்காலியில் உட்காரலாம் என்று ஒரு நிம்மதியும் வந்தது. அன்று வீட்டுக்குத் திரும்பும்போது வழியெல்லாம் விசிலடித்துக்கொண்டு வந்தார்.

கச்சேரி நாளன்று உலானும் வந்துவிட்டது. ஏரிக்கரை மேடையில் கொடிகள் படபடவென்று அடித்துக்கொண்டன, எல்லோரும் தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டார்கள். மாஸ்டர் விடிந்ததிலிருந்து ஒவ்வொரு ஸ்டாண்டாகப் போய் நாலு மூலையையும் இழுத்து இழுத்துப் பார்த்தார். கமிஷனில் மூன்று பேர். நடுவில் தடித்த கண்ணாடி போட்ட தலைவியம்மாள். அவர்களுக்கு நாலடி தூரத்தில் சகினாலி. கூட்டத்தில் புருல்கான், உதட்டை அசைத்துக்கொண்டு, டோ ரே மீ என்று ஜபித்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணு தாளை விட்டு அசையக் கூடாது. யாரும் என்னைப் பார்க்காதீங்க, ஜனத்தைப் பார்க்காதீங்க. தாள், தாள், தாள்!" என்று மாஸ்டர் பல்லிடுக்கில் சொல்லிவிட்டு, கைக்கோலைத் தூக்கினார்.

குதிரைப் பந்தயப் பாட்டு. முப்பது வாத்தியமும் நாலுகால் பாய்ச்சலில் கிளம்பின. சகினாலி வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் முன்னால் இருந்த தாளைப் படித்தார்.

படித்தவர் திகைத்துப் போனார். தாளில் குதிரையே இல்லை. ஒன்று-இரண்டு-மூன்று, ஒன்று-இரண்டு-மூன்று என்று ஏதோ மெல்ல அசைந்தாடிக்கொண்டு போயிற்று. கண்ணைச் சிமிட்டிவிட்டு மறுபடி படித்தார். அதேதான். மேலே ஒட்டியிருந்த பட்டையில் பாட்டின் பேர் சரியாகத்தான் இருந்தது.

அப்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனிப் பங்கு உண்டென்று ஸோயா டீச்சர் சொல்லியிருக்கிறாளே! தனக்கென்று, இரண்டாம் கோமுஸுக்கென்று, எழுதி வைத்தது இதுதான். எல்லோரும் ஓடும்போது அடியில் ஒருவன் அமைதியாக அசைந்து போக வேண்டும் என்று யாரோ ஒரு மேதை எழுதியிருக்கிறான். அதைப் படிக்கத் தெரியாமல், முதல் கோமுஸோடு சேர்ந்து பதினாறு வருஷம் குதிரையை விரட்டி அந்தப் பாட்டைக் கெடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம்! மாஸ்டர் எவ்வளவு பெரிய மனசு இருந்தால் அதைச் சகித்துக்கொண்டிருப்பார்!

இன்றைக்காவது நேர்மையாக வாசிப்போம் என்று சகினாலி தீர்மானித்தார். தாளில் இருந்ததை, ஒரு புள்ளி விடாமல், நன்றாகக் காதில் விழும்படி வாசித்தார்.

குதிரைகள் ஓடின. நடுவில் ஒருத்தர் மட்டும் யாருடைய கல்யாணத்திலோ மெதுவாகச் சுற்றிச் சுற்றி ஆடினார். மேளக்காரர் தடுமாறினார். மாஸ்டரின் கண்கள் பிதுங்கின. "சகினாலி! சகினாலி!" என்று உதட்டை அசைத்தார். தாளை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது என்று உத்தரவாயிற்றே, அவர் எங்கே பார்க்கிறார்! பக்கம் முடிந்தது. ஏற்பாட்டின்படி தலையை நிமிர்த்தி, கீழ் கிளிப்பைத் தட்டி, தாளைத் திருப்பினார். அதே சமயம் பள்ளத்தாக்குப் பக்கமிருந்து ஒரு பெரிய வீச்சு அடித்தது. அவரைப் பார்த்துத் திருப்ப வேண்டிய முப்பது பேரில் ஒருவர்கூடத் திருப்பவில்லை. கிடைத்த கையால் அவரவர் தாளை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். சகினாலி மட்டும் இரண்டாம் பக்கத்தையும் அழகாக ஆடி முடித்தார்.

கைதட்டல் ஓய்ந்ததும் தலைவியம்மாள் எழுந்து மேடைக்கு வந்தாள்.

"ரொம்பப் பிரமாதம் மாஸ்டர். இந்தக் காத்துலயும் ஒருத்தர் கண்ணுகூட தாளை விட்டு அசையலையே! நோட்ஸ் படிக்கிறதுல இப்படி ஒரு ஒழுங்கை நான் எந்த ஊர்லயும் பார்த்ததில்லை. எல்லாரையும் பட்டியல்ல சேர்த்துடலாம்." பிறகு குரலைத் தாழ்த்தி, சகினாலியை இரக்கத்தோடு பார்த்தாள். "இந்தப் பெரியவரைத் தவிர. பாவம், இவருக்கு மட்டும் நோட்ஸ் படிக்கத் தெரியலை. சேர்ந்து வாசிக்கிற மாதிரி நடிக்கிறார், எனக்குத் தெரியாதா? அடுத்த வசந்தம் வரைக்கும் டைம் கொடுக்கிறேன். யார்கிட்டயாவது கத்துக்கிட்டு வரட்டும்."

கூட்டத்திலிருந்து புருல்கான், "யாருக்குத் தெரியாது? என் வீட்டுக்காரருக்கா?" என்று கத்திக்கொண்டு முன்னால் வர, நாலு பெண்கள் பிடித்து உட்கார வைத்தார்கள்.

கமிஷன் வண்டி கிளம்பியதும் மாஸ்டர் அவரை மேடைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். மொத்தக் குழுவும் பின்னாலேயே வந்து சூழ்ந்துகொண்டது.

"என்னய்யா வாசிச்சே? கண்ணை மூடிக்கிட்டே வாசிப்பியே அந்தப் பாட்டை! இன்னிக்குப் பார்த்து என்ன வந்துது உனக்கு?"

"மாஸ்டர், என்னை மன்னிக்கணும்" என்றார் சகினாலி. "இத்தனை வருஷமா எனக்கு நோட்ஸ் தெரியாது. பொய் சொல்லித்தான் சேர்ந்தேன். எல்லாரையும் ஏமாத்திட்டேன். இந்த மாசம்தான் கத்துக்கிட்டேன். இன்னிக்குத்தான் முதல் தடவையா தாள்ல இருந்ததை அப்படியே வாசிச்சேன். அது எங்கே தப்பாச்சுன்னு சத்தியமா எனக்குப் புரியலை."

மாஸ்டர் அப்படியே இரும்புப் பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார். மேளக்காரர் தன் காலைப் பார்த்தார், புல்லாங்குழல்காரர் வானத்தைப் பார்த்தார். ஜானில் அக்காதான் கடைசியில் முன்னால் வந்து, தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடப்பாவி மனுஷா, அந்தத் தாளையா வாசிச்சே? அது என்னிக்கோ கலைச்சுட்ட தீயணைப்புப் படை பேண்டோட வால்ட்ஸ் நடனப் பாட்டுய்யா! எங்கள்ல யாருக்கய்யா நோட்ஸ் தெரியும்? அது பறந்துபோய் யார் கையிலயாவது சிக்கிடக் கூடாதுன்னுதானே மாஸ்டர் நாலு மூலைக்கும் கிளிப் மாட்டினார்!"